நினைவகம் அறிந்து தேர்க

நுழையும்முன்

கணினி விளையாட்டு இளைஞர்களின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகிவிட்டது. விளையாட்டின் நடுவே காட்சி உறைந்து நிற்கும்போது, ‘நினைவகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்’ என்னும் அறிவுரை எளிதாகக் கிடைக்கிறது. அந்த அறிவுரை சில வேளைகளில் சரி. பல வேளைகளில் வீண் செலவு. நினைவகம் எவ்வாறு இயங்குகிறது, எப்போது அதனைக் கூட்ட வேண்டும், எதனை வாங்க வேண்டும் என்பவற்றை அறிந்தவர் பணத்தையும் காலத்தையும் காத்துக்கொள்கிறார்.

கல்லும் தீபமும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் சுவர்களில் சோழர், போசளர், விசயநகர மன்னர் எனப் பல காலத்தவரின் கல்வெட்டுகள் உள்ளன. பொறித்தவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆனபின்பும் எழுத்துகள் அழியாமல் நிற்கின்றன. அதே ஊரின் மலையுச்சியில் கார்த்திகைத் திருநாளன்று மகாதீபம் ஏற்றப்படுகிறது. அது 11 நாள்கள் ஒளிர வேண்டுமாயின் நாள்தோறும் கொப்பரையில் நெய் வார்த்துத் திரியைப் புதுப்பிக்க வேண்டும். வார்ப்பது நின்றால் ஒளியும் நின்றுவிடும்.

கணினிக்குள்ளும் இவ்விரு வகை நினைவுகள் உண்டு. வன்தட்டும், எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகமும் கல்வெட்டைப் போன்றவை. மின்சாரம் நின்றாலும் பதிந்தது அழியாது. ரேம் எனப்படும் முதன்மை நினைவகம் தீபத்தைப் போன்றது. அதன் ஒவ்வொரு நுண்ணறையிலும் சிறு அளவு மின்னூட்டம் தேக்கப்படுகிறது. அம்மின்னூட்டம் தானாகக் கசியும் இயல்புடையது. ஆதலால் பொதுவாக 64 மில்லி நொடிகளுக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் அறையும் மீண்டும் ஊட்டப்படுகிறது. கணினியை நிறுத்தியவுடன் இந்த ஊட்டம் நின்று, தேக்கியவை யாவும் மறைந்துவிடுகின்றன.

நிலைக்காத ஒன்றை ஏன் பயன்படுத்த வேண்டும் என்னும் வினா இங்கு எழலாம். விரைவே அதற்கு விடை. சுழலும் வன்தட்டிலிருந்து ஒரு தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடிகள் ஆகும். நினைவகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ நொடிகள் போதும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நூறாயிரம் மடங்கு. ஆகவே, செயலி அப்போதைக்கு வேண்டியவற்றை எல்லாம் சேமிப்பகத்திலிருந்து நினைவகத்திற்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே வேலை செய்கிறது.

தெரியுமா?

ஒரே ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு மின்தேக்கியையும் கொண்டு ஒரு நினைவு நுண்ணறையை அமைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் ராபர்ட் டென்னார்டு கண்டறிந்தார். அதற்கான காப்புரிமை 1968ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. 1970இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் நினைவகச் சில்லு 1024 பிட்டுகளைத் தேக்கியது. இன்றைய 16 ஜி.பி. நினைவகத்தில் 13,700 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் தேங்குகின்றன. அடிப்படை முறை இன்றும் டென்னார்டு காட்டியதே.

விளையாட்டு ஏன் திணறுகிறது?

திருவண்ணாமலை மாட வீதியில் பூக்கடை நடத்தும் குடும்பத்து மாணவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டில் பழைய மேசைக்கணினி ஒன்று உள்ளது. அக்காவின் கல்லூரிப் பணிகளும் தம்பியின் விளையாட்டும் அதில்தான் நடைபெறுகின்றன. புதிய விளையாட்டு ஒன்றை நிறுவியபின் காட்சிகள் விட்டுவிட்டு நகர்கின்றன. கார்த்திகைத் தீப நாள்களின் விற்பனையில் மிஞ்சிய சிறு தொகையைக் கொண்டு கணினியை மேம்படுத்திக்கொள்ளப் பெற்றோர் இசைந்துள்ளனர். தொகை ஒருமுறைதான் கிடைக்கும். தவறாகச் செலவழித்தால் அடுத்த தீபம் வரை காத்திருக்க வேண்டும்.

விளையாட்டுத் திணறுவதற்குக் காரணங்கள் பல. ஒரு காட்சியைத் திரையில் தீட்டும் வேலை கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைவியல் அட்டையினுடையது. அதற்கெனத் தனி நினைவகமும் உண்டு. பாத்திரங்களின் அசைவு, மோதல், விதிகள் ஆகியவற்றைக் கணக்கிடுவது செயலி. நிலக்காட்சி, ஒலி, உருவங்கள் முதலியவற்றை உடனுக்குடன் எடுத்துத் தருமாறு அருகில் வைத்திருப்பது முதன்மை நினைவகம். இவற்றுள் எது பின்தங்கினாலும் விளையாட்டு முழுவதும் பின்தங்கும். பின்தங்காத ஒன்றை மேம்படுத்துவதால் பயன் இல்லை.

நினைவகம் போதாதபோது இயக்க அமைப்பு ஒரு மாற்று வழியைக் கையாள்கிறது. உடனடியாகத் தேவைப்படாதவற்றை நினைவகத்திலிருந்து அகற்றிச் சேமிப்பகத்தின் ஒரு பகுதியில் எழுதி வைக்கிறது. தேவைப்படும்போது மீண்டும் எடுத்து வருகிறது. மேசையில் இடமில்லாதவர் ஒவ்வொரு முறையும் பரணில் ஏறிப் புத்தகத்தை எடுத்து வருவதற்கு இது ஒப்பாகும். விளையாட்டில் திடீர் திடீரெனத் தோன்றும் நிறுத்தங்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு முதன்மைக் காரணம்.

முதலில் அளத்தல்

காய்ச்சல் என்று வந்தவரிடம் மருத்துவர் முதலில் வெப்பநிலையை அளந்து பார்க்கிறார். கணினிக்கும் அதுவே முறை. விண்டோஸ் இயக்க அமைப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் சாளரம் திறக்கும். அதிலுள்ள ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் செயலி, நினைவகம், சேமிப்பகம், வரைவியல் அட்டை ஆகியவை எந்த அளவு உழைக்கின்றன என்பது விழுக்காட்டில் காட்டப்படும். நினைவகப் பகுதியில் மொத்த அளவு, வேகம், பயன்பாட்டிலுள்ள செருகுவாய்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் காணலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

விளையாட்டை அரைமணி நேரம் விளையாடியபின், திணறல் தோன்றும் வேளையில் இச்சாளரத்தைப் பார்க்க வேண்டும். நினைவகம் 90 விழுக்காட்டிற்கும் மேல் நிரம்பியிருந்து, சேமிப்பகமும் ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தால் நினைவகம் போதவில்லை என அறியலாம். வரைவியல் அட்டை 100 விழுக்காட்டில் நிற்க, நினைவகத்தில் பாதி வெறுமையாய் இருந்தால் நினைவகத்தைக் கூட்டிப் பயனில்லை. விளையாட்டின் காட்சித் தரத்தையோ திரைத் துல்லியத்தையோ ஒரு படி குறைப்பது அப்போது ஏற்ற தீர்வாகலாம், அதற்கும் செலவில்லை. இணைய விளையாட்டுகளில் இணைப்பின் தாமதமும் திணறலைப் போலவே தோன்றும் என்பதையும் மறத்தல் கூடாது.

மேற்கூறிய மாணவர் அளந்து பார்த்ததில் நினைவகம் 94 விழுக்காடும் வரைவியல் அட்டை 60 விழுக்காடும் உழைத்தன எனக் கொள்வோம். மொத்த நினைவகம் 8 ஜி.பி.; இரு செருகுவாய்களில் ஒன்றே பயன்பாட்டில் உள்ளது. குறை எது என்பது இப்போது தெளிவு. பின்னணியில் திறந்து கிடந்த உலாவிப் பக்கங்களையும் வேண்டாத செயலிகளையும் மூடிப் பார்த்தும் நிலைமை மாறவில்லையாயின், நினைவகத்தைக் கூட்டுவதில் பொருள் உண்டு.

எவ்வளவு வேண்டும்?

ஒவ்வொரு விளையாட்டும் தனக்கு வேண்டிய குறைந்த அளவையும் பரிந்துரை அளவையும் முன்னரே அறிவித்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வானூர்தி ஓட்டும் விளையாட்டான ‘ஃபிளைட் சிமுலேட்டர்’ இதற்குத் தக்க சான்று. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு குறைந்த அளவாக 8 ஜி.பி.யையும் பரிந்துரை அளவாக 16 ஜி.பி.யையும் கேட்டது. 2024ஆம் ஆண்டுப் பதிப்போ 16 ஜி.பி.யையும் 32 ஜி.பி.யையும் கேட்கிறது. நான்கே ஆண்டுகளில் தேவை இரு மடங்காயிற்று.

இன்றைய நிலையில் எளிய விளையாட்டுகளுக்கும் பள்ளிப் பணிகளுக்கும் 8 ஜி.பி. போதும். புதிதாக வெளிவரும் பெரிய விளையாட்டுகள் பலவற்றிற்கு 16 ஜி.பி. பொருத்தமானது. விளையாடியவாறே பதிவுசெய்வோர், காணொலி தொகுப்போர் ஆகியோருக்கு 32 ஜி.பி. பயன்தரும். அதற்கும் மேல் வாங்குவோர் பயன்படாத வெற்றிடத்திற்கே விலை கொடுக்கின்றனர். போதிய அளவு கிடைத்தபின் நினைவகத்தை மேலும் கூட்டுவதால் விளையாட்டின் வேகம் கூடுவதில்லை. பத்துப் பேர் உண்ணும் பந்தியில் நூறு இலைகளை விரிப்பதால் விருந்து விரைவில் முடிவதில்லை.

இயக்க அமைப்பையும் நோக்க வேண்டும். 32 பிட் விண்டோஸ் அமைப்பு நிறுவப்பட்ட பழைய கணினியில் 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு பொருத்தினாலும் பயன்படாது. 32 பிட்டுகளால் எண்ணிட இயலும் முகவரிகள் 2ஐ 32 முறை பெருக்கிய அளவே. அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. இது 4 ஜி.பி. ஆகும். அத்தகைய கணினியில் முதலில் 64 பிட் இயக்க அமைப்பை நிறுவ வேண்டும்.

எது பொருந்தும்?

அளவு முடிவானபின் வகையை அறிய வேண்டும். தவறு மிகுதியாக நேரும் இடம் இதுவே. இக்கால நினைவகங்கள் டி.டி.ஆர். என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய மேசைக்கணினிகளில் டி.டி.ஆர்.3, அடுத்து வந்தவற்றில் டி.டி.ஆர்.4, அண்மைக் கணினிகளில் டி.டி.ஆர்.5 எனத் தலைமுறைகள் உள்ளன. ஜெடெக் என்னும் தர அமைப்பு டி.டி.ஆர்.5இன் தரவரையறையை 2020ஆம் ஆண்டு வெளியிட்டது.

ஒரு தலைமுறை நினைவகம் மற்றொரு தலைமுறைக்குரிய செருகுவாயில் பொருந்தாது. டி.டி.ஆர்.3 பட்டையில் 240 இணைப்பு முனைகள் உள்ளன. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 முனைகள். எண்ணிக்கை ஒன்றாயினும் பட்டையின் அடியிலுள்ள வெட்டின் இடம் வேறு. மின்னழுத்தமும் வேறு: டி.டி.ஆர்.3க்கு 1.5 வோல்ட்டு, டி.டி.ஆர்.4க்கு 1.2 வோல்ட்டு, டி.டி.ஆர்.5க்கு 1.1 வோல்ட்டு. பொருந்தாததை வலிந்து அழுத்தினால் பட்டையும் தாய்ப்பலகையும் சேர்ந்தே பழுதாகும்.

உருவிலும் வேறுபாடு உண்டு. மேசைக்கணினிக்குரிய பட்டை 133 மில்லிமீட்டர் நீளமுடையது. மடிக்கணினிக்குரியது அதில் ஏறத்தாழப் பாதி. தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மேல்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. பழுதடைந்த மடிக்கணினியின் நினைவகத்தைக் கழற்றி மேசைக்கணினியில் பொருத்திவிடலாம் என எண்ணுவோர் உளர். இரண்டும் ஒரே தலைமுறையினவாயினும் உருவ வேறுபாட்டால் அது இயலாது.

ஆதலால் கடைக்குச் செல்லுமுன் தாய்ப்பலகையின் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதனைத் தயாரித்த நிறுவனம் அப்பலகை ஏற்கும் தலைமுறை, உயர்ந்தபட்ச அளவு, வேகம், சோதித்துப் பார்த்த பட்டைகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. திருவண்ணாமலையிலிருந்து சென்னை ரிச்சி தெருவிற்குச் சென்று வாங்க எண்ணுபவருக்கு இக்குறிப்பு இன்றியமையாதது. தவறான பட்டையை மாற்றிவர வேண்டுமெனில் மற்றொரு நாளும் போகவரப் பேருந்துக் கட்டணமும் செலவாகும்.

ஒன்றா, இரண்டா?

16 ஜி.பி. நினைவகத்தை ஒரே பட்டையாகவும் வாங்கலாம்; 8 ஜி.பி. பட்டைகள் இரண்டாகவும் வாங்கலாம். அளவு ஒன்றே, விரைவு ஒன்றன்று. பௌர்ணமி நாளில் கோயிலுக்கு வரும் கூட்டம் முழுவதையும் ஒரே வாயிலில் விடுவதற்கும் இரு வாயில்களைத் திறந்து விடுவதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு.

இதனைக் கணக்கிட்டே அறியலாம். டி.டி.ஆர்.4–3200 என்னும் நினைவகம் நொடிக்கு 320 கோடி முறை தரவைக் கடத்துகிறது. ஒவ்வொரு முறையும் 64 பிட்டுகள், அதாவது 8 பைட்டுகள் செல்கின்றன. எனவே ஒரு தடத்தில் நொடிக்கு 25.6 ஜி.பி. செல்லும். இரு பட்டைகளை இரு தடங்களில் பொருத்தினால் 51.2 ஜி.பி. வரை செல்லும். தனி வரைவியல் அட்டை இல்லாமல், செயலியோடு இணைந்த வரைவியல் திறனைக் கொண்டு விளையாடுவோருக்கு இதன் பயன் மிகுதி. ஏனெனில் அங்குக் காட்சி தீட்டும் வேலைக்கும் இதே நினைவகமே பயன்படுகிறது.

நான்கு செருகுவாய்கள் உள்ள தாய்ப்பலகையில் இரு பட்டைகளை எந்த இரண்டில் பொருத்துவது என்பதும் கருதத்தக்கது. பெரும்பாலான பலகைகளில் செயலியின் பக்கமிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமே உரியவை. பலகையோடு வரும் கையேடு இதனை உறுதிப்படுத்தும்.

பழைய பட்டையோடு புதியதைச் சேர்க்கும்போது தலைமுறை, அளவு, வேகம் ஆகியவை ஒத்திருத்தல் நன்று. வேகம் மாறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே இயங்கும். வேகம் மிகுந்த ஒன்றை மெதுவான ஒன்றோடு இணைப்பவர் மிகுதியாகக் கொடுத்த விலையை இழக்கிறார்.

வேகமும் தாமதமும்

நினைவகப் பட்டையின் உறையில் இரு எண்கள் முதன்மையாகக் காணப்படும். 3200, 6000 என்பன போன்ற பெரிய எண் வேகத்தைக் குறிப்பது. சி.எல்.16, சி.எல்.30 என்பன போன்றவை தாமதத்தைக் குறிப்பவை. தரவைக் கேட்டபின் அது வெளிவரும்வரை எத்தனைத் துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்பதையே தாமத எண் காட்டுகிறது. பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது பொருத்தமன்று. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தாமத எண்ணை 2000ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால் காத்திருப்பு நேரம் நானோ நொடியில் கிடைக்கும். 3200 வேகமும் 16 தாமதமும் கொண்ட டி.டி.ஆர்.4 நினைவகத்தின் காத்திருப்பு 10 நானோ நொடிகள். 6000 வேகமும் 30 தாமதமும் கொண்ட டி.டி.ஆர்.5 நினைவகத்திற்கும் அதே 10 நானோ நொடிகள்தாம். 3200 வேகமும் 22 தாமதமும் உடையதற்கு 13.75 நானோ நொடிகள். புதிய தலைமுறை ஒரே நேரத்தில் மிகுதியான தரவைச் சுமந்து செல்கிறது. முதல் தரவு வந்து சேரும் நேரத்திலோ பெரிய மாற்றம் இல்லை. எனவே, நன்றாக இயங்கும் டி.டி.ஆர்.4 கணினியை டி.டி.ஆர்.5க்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. அவ்வாறு மாற்ற வேண்டுமாயின் தாய்ப்பலகையையும், பெரும்பாலும் செயலியையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

உறையில் அச்சிட்ட வேகம் பல வேளைகளில் தானாகக் கிடைப்பதில்லை. கணினி முதலில் பொதுத்தரத்திற்குரிய குறைந்த வேகத்திலேயே நினைவகத்தை இயக்கும். பயாஸ் எனப்படும் அடிப்படை அமைவுப் பகுதிக்குச் சென்று, இன்டெல் கணினிகளில் எக்ஸ்.எம்.பி. என்பதையும், ஏ.எம்.டி.யின் டி.டி.ஆர்.5 கணினிகளில் எக்ஸ்போ என்பதையும் இயக்கினால்தான் முழு வேகம் கிடைக்கும். தாய்ப்பலகையும் செயலியும் அதற்கு இடந்தர வேண்டும். விலை கொடுத்த வேகத்தைப் பெறாமலேயே ஆண்டுக்கணக்கில் கணினியைப் பயன்படுத்துவோர் உண்டு.

பொருத்துதலும் சோதித்தலும்

நினைவகத்தைப் பொருத்துவது கடினமான வேலையன்று. எனினும் பொறுமை வேண்டும். கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் சில்லுகளைப் பழுதாக்கக்கூடும். ஆகவே பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டபின் வேலையைத் தொடங்க வேண்டும். பட்டையின் ஓரங்களைப் பிடிக்க வேண்டும். பொன்னிற முனைகளைத் தொடலாகாது. வெட்டும் செருகுவாயின் மேடும் நேர்நிற்க வைத்து, இரு முனைகளிலும் சீராக அழுத்தினால் பூட்டும் ஓசை கேட்கும்.

கணினி இயங்கத் தொடங்கியதும் முழு அளவும் காட்டப்படுகிறதா எனப் பார்க்க வேண்டும். விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனைக் கருவியைக் கொண்டு பட்டையில் பிழை உண்டா எனவும் அறியலாம். பழுதான நினைவகம் சில நாள்கள் நன்றாக இயங்கிப் பின்பு கோப்புகளைச் சிதைக்கும். அக்காவின் கல்லூரி ஆய்வேடு உள்ள கணினியில் இந்தச் சோதனையைத் தவிர்த்தல் கூடாது. விற்பனை ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் காத்து வைத்தால் பழுதான பட்டையை மாற்றிக்கொள்ள இயலும்.

கழற்றிய பழைய பட்டை குப்பையன்று. அதே தலைமுறைக் கணினி வைத்திருக்கும் நண்பருக்கோ பள்ளிக்கோ அது பயன்படலாம். பயன்படாததை மின்னணுக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படைப்பதே முறை. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான புதிய விதிகள் இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.

அறிந்து செலவிடல்

பூக்கடை மாணவரின் கணக்கு இப்போது எளிதாகிவிடுகிறது. அவருக்கு வேண்டியது புதிய கணினியன்று; விலை உயர்ந்த வரைவியல் அட்டையுமன்று. முன்பே உள்ள பட்டைக்கு இணையான 8 ஜி.பி. பட்டை ஒன்றே. அதனைப் பொருத்தினால் அளவு இரு மடங்காகிறது, தடமும் இரண்டாகிறது. எஞ்சிய தொகை பெற்றோரிடமே திரும்புகிறது. அவருடைய நண்பர் அளந்து பார்த்து, நினைவகம் போதுமானதாக உள்ளது என அறிந்து எதனையும் வாங்காமல் இருந்தாரெனில் அதுவும் நல்ல தேர்வே.

செயலில் இறங்குமுன் இழப்பையும் பயனையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ‘தெரிந்துசெயல்வகை’ என ஓர் அதிகாரத்தை வள்ளுவர் வகுத்தார். அரசருக்குக் கூறிய அந்நெறி, குடும்பத்தின் சிறு சேமிப்பைக் கையில் ஏந்திக் கடை வாயிலில் நிற்கும் மாணவருக்கும் பொருந்தும். விளம்பரம் பெரிய எண்ணைக் காட்டும். அளந்து பார்த்தவருக்கோ தம் தேவையின் எண் தெரியும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள ஒரு கணினியின் நினைவக அளவு, வேகம், பயன்பாட்டிலுள்ள செருகுவாய்கள் ஆகியவற்றைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.
2. 3600 வேகமும் 18 தாமதமும் கொண்ட நினைவகத்தின் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிட்டு, பாடத்தில் உள்ள பிற நினைவகங்களோடு ஒப்பிடுக.
3. ‘தேவையை அளந்தபின் வாங்குதல்’ என்னும் தலைப்பில், உங்கள் வீட்டில் அண்மையில் வாங்கிய பொருள் ஒன்றை முன்வைத்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

கலைச்சொல் அறிவோம்

ரேம் – முதன்மை நினைவகம்
மதர்போர்டு – தாய்ப்பலகை
ஸ்லாட் – செருகுவாய்
கிராபிக்ஸ் கார்டு – வரைவியல் அட்டை
டெஸ்க்டாப் – மேசைக்கணினி
லேப்டாப் – மடிக்கணினி
பிரவுசர் – உலாவி